மணற்காட்டு மணல் எப்போது குவிந்தது என்று எப்படிச் சொல்வது?

யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கில், மணற்காடு என்ற ஊரிலுள்ள மணல்மேடுகளுக்கு வயது கணிக்க முடியுமா, அதிலிருந்து அக்காலக் காலநிலை தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் மணல் துகளின் வயது வேறு, அது மேடாகக் குவிந்த வயது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத் துகள் மண்ணுக்குள் புதைந்திருக்கும்போது சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சின் ஆற்றலை மெல்ல மெல்லச் சேமிக்கும். வெயில் பட்டால் அந்தக் கணக்கு பூச்சியமாகிவிடும். காற்று அள்ளி வந்த மணல் நன்றாக வெயில் கண்டிருக்கும் என்பதால் மணல்மேடு இதற்கு வாய்ப்பான இடம். மேட்டை வெட்டி, வெளிச்சம் புகாத குழாயை அடித்து மாதிரி எடுப்பார்கள். ரோர்ச் லைட் அடித்துப் பார்த்தாலே மாதிரி கெட்டுவிடும்! ஆய்வுகூடத்தில் மங்கிய சிவப்பு விளக்குதான். துகள் சேமித்தது 10 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), ஆயிரம் ஆண்டுக்குச் சேர்வது 2 கிரே என்றால், புதைந்து 5,000 ஆண்டு. சரி, ஈரம் கதிர்வீச்சைக் கொஞ்சம் தடுக்கும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

களப்புச் சேற்றின் வயதை அறியக் கார்பன் 14 உண்டு; இறந்த உயிரில் காலப்போக்கில் தேயும் கதிரியக்கக் கார்பனை அளக்கும் முறை அது. ஏறக்குறைய 50,000 ஆண்டு வரை எட்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு சிக்கல்: சுண்ணக்கல்லில் கார்பன் 14 மிஞ்சியிருக்காது. அந்தச் சுண்ணக்கல் கரைந்த நீரில் வளர்ந்த நத்தையின் ஓடு உண்மையைவிட முதுமை காட்டலாம். நான் என்றால் சேற்றிலுள்ள விதையையோ மரக்கரியையோதான் முதலில் தேடுவேன்.

காலநிலையைச் சொல்வது வயதல்ல, அந்த அடுக்கில் கிடைக்கும் மகரந்தமும் நுண்ணுயிர் ஓடுகளும். கண்டல் மகரந்தம் மிகுந்தால், உவர்நீர் அருகில் இருந்திருக்கிறது.