பழ ஈயோட கண்ணு ஜீனை ஆராயறதால மனுஷனுக்கு என்ன பிரயோஜனம்?

வீட்ல யாரோ இப்படிக் கேட்டு பதில் சொல்ல முடியாமதான் இங்க வந்திருப்பீங்கனு நினைக்கறேன். என்கிட்டயும் கேட்டாங்க, எங்க பெரியப்பா, சொந்தக்காரங்க அத்தன பேர் முன்னாடி, "ஈ ஓட்டறதுக்கா பிஎச்டி?"னு. இன்னும் வலிக்குது.

நான் வேலை பார்த்தது பழ ஈயோட கண்ணு வெளிச்சத்தை உணர உதவற டிஆர்பி (TRP)ங்கற ஜீன்ல. ஈயை பிப்பெட் நுனியில தலை மட்டும் வெளிய தெரியற மாதிரி வச்சு, மெல்லிசு கண்ணாடி எலக்ட்ரோடை அது கண்ணு மேல பட்டும் படாம வைக்கணும், ரூம் முழுக்க இருட்டு, சிவப்பு லைட் மட்டும்தான், ஏன்னா சிவப்பு அதுக்கு சரியா தெரியாது. இப்ப வெள்ளை லைட்டைப் போட்டா நல்ல ஈயில, கண்ணோட மின் சிக்னலை ஸ்க்ரீன்ல காட்டற கோடு சட்டுனு கீழ இறங்கி லைட் எரியற வரைக்கும் அங்கயே நிக்கும். டிஆர்பி கெட்டுப்போன ஈயிலயும் இறங்கும், ஆனா சில செகண்ட்ல தானா ஏறி பழைய இடத்துக்கே வந்துடும். லைட் எரிஞ்சுட்டேதான் இருக்கு, ஈக்கு பார்வை போயிடுச்சு! முதல் தடவ பார்த்தப்ப எனக்கு புல்லரிச்சுது.

இந்த மியூட்டன்ட் ஈயைப் பத்தி 1969லயே எழுதிட்டாங்க, ஜீனை குளோன் பண்ணது, அதாவது தனியா பிரிச்சு எடுத்தது, 1989ல. கண்ணு செல்லுக்குள்ள கால்சியத்தை விடற சேனல், ஒரு கதவு மாதிரியான புரதம், அந்த ஜீன்லேருந்து வருது. அப்புறம் பார்த்தா நம்ம உடம்புலயும் அதே குடும்பத்து சேனல்கள் நிறைய. மிளகா எரியறதையும் சூட்டையும் நமக்கு உணர்த்தறது அதுல ஒண்ணு, அதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் குடுத்தாங்க. அவர் ஈயிலேருந்து அங்க போகல, அது எனக்கும் தெரியும், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஈயை வச்சு மனுஷ கண்ணை குணப்படுத்திட்டோம்னும் நான் சொல்லல. ஆனா கண்ணு உருவாகறதுக்கான ஐலெஸ் (eyeless)ங்கற இன்னொரு ஈ ஜீனைப் பாருங்க, 1995ல சுவிட்சர்லாந்து பாசல்ல விஞ்ஞானி வால்டர் கெரிங் லேப்ல அதை ஈயோட கால்லயும் றெக்கையிலயும் வேலை செய்ய வச்சப்ப அங்கெல்லாம் கண்ணு முளைச்சுது, எலியோட அதே ஜீனைப் போட்டாலும் ஈக்கண்ணுதான் முளைச்சுது. மனுஷன்ல அந்த ஜீன் பழுதானா கருவிழிப்படலம் (ஐரிஸ்) இல்லாமலே குழந்தை பிறக்கலாம். இதுக்கு மேல என்ன தொடர்பு வேணும்?

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லதான். ராத்திரியெல்லாம் இருட்டுல உக்காந்து நான் எடுத்த ரெக்கார்டிங், எங்க லேப்போட ஆராய்ச்சிப் பேப்பர்ல முதல் படமா வந்துச்சு, பேரு வேற ஒருத்தரோடது முதல்ல. கேட்டதுக்கு "அடுத்த பேப்பர்ல பார்த்துக்கலாம்"னாங்க, அந்த அடுத்த பேப்பர் வரவே இல்ல.

நீங்க ப்ராஜெக்ட் தேடறவரா இருந்தா, சேர்றதுக்கு முன்னாடியே அந்த லேப்ல இஆர்ஜி (ERG, நான் மேல சொன்ன மாதிரி கண்ணோட மின் சிக்னலைப் பதியறது) செட்டப் இருக்கா, யார் பேர் முதல்ல வரும், ரெண்டையும் கேட்டுடுங்க.