ரோட்ரி நின்ற இடம்

அன்புள்ள ஐயா,

நானும் என் தம்பியும் ஒரு வருடமாகச் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. இங்கிலாந்துக் கால்பந்தில் நான் மான்செஸ்டர் சிட்டி ரசிகன், அவன் லிவர்பூல் ரசிகன். 2024 அக்டோபர் கடைசியில் சிட்டி சரியத் தொடங்கியபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில், "பிரீமியர் லீக்ல வரிசையா நாலு கோப்பை, வயிறு நிறைஞ்சுபோச்சு. பசி இல்லாதவன் எப்படி ஓடுவான்?" என்று எழுதினான். அதிலிருந்து ஆரம்பித்த சண்டை. இன்னொரு நண்பர், முந்தைய பருவத்தில் லீகில் 96 கோல், அந்தப் பருவத்தில் 72, ஆகவே கோளாறு தாக்குதலில்தான், முன்வரிசை வீரர் ஹாலண்டை மட்டும் நம்பியதன் பலன் என்கிறார். நடுவர்கள், லீக் நிர்வாகம் தொடுத்த வழக்கு என்று ஆளுக்கொரு காரணம். என் கேள்வி ஒன்றுதான். நான்காவது கோப்பையோடு பயிற்சியாளர் கார்டியோலா கௌரவமாக விலகியிருக்க வேண்டாமா?

இளங்கோ

அன்புள்ள இளங்கோ,

பெரிய அணி ஒன்று திடீரென்று தோற்க ஆரம்பித்தால் நாம் ஏன் உடனே அதன் குணத்தில் குறை தேடுகிறோம் என்று சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து சேர்ந்தது.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடப்பிறந்தவனோடு ஒரு வருடமா? அவன் சொன்னது தவறுதான். பதிலுக்கு நீங்கள் என்ன காட்டினீர்கள்? உங்கள் கடிதத்தில் ஓர் ஆட்டத்தின் ஒரு நிமிடம்கூட இல்லை. பந்து எங்கே பறிபோனது, அப்போது யார் எங்கே நின்றார்கள் என்று ஒரு வரி இல்லை. அவன் குணத்தைப் பற்றிப் பேசினான், நீங்கள் மானத்தைப் பற்றிப் பேசினீர்கள். கால்பந்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

நடுவர்களையும் வழக்கையும் விட்டுவிடுங்கள். அக்டோபர் 30 முதல் டிசம்பர் 26 வரை 13 ஆட்டங்கள், 9 தோல்வி, 3 டிரா, ஒரே ஒரு வெற்றி. இதை எந்த நடுவராலும் செய்ய முடியாது. பசி என்ற பேச்சும் நிற்காது. நான்காவது கோப்பைக்குப் பிறகு வந்த பருவத்தின் முதல் ஐந்து லீக் ஆட்டங்களில் ஹாலண்ட் 10 கோல் அடித்தார். வயிறு நிறைந்தவர் அப்படி ஆடுவாரா?

நடந்தது செப்டம்பர் 22 அன்று. சிட்டியின் சொந்த மைதானமான எதிஹாதில் ஆர்சனலுடன் ஆட்டம், ஒரு கார்னரின்போது சிட்டியின் நடுக்கள வீரர் ரோட்ரியின் முழங்கால் தசைநார் அறுந்தது. அதன் பிறகும் ஐந்து வாரம் சிட்டி தோற்கவில்லையே என்று உங்கள் தம்பி கேட்பான். கேட்கட்டும். அக்டோபர் 5 ஃபுல்ஹாம் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். சிட்டி 3-2 என்று வென்ற ஆட்டம்தான். அதில் ஃபுல்ஹாமின் அடாமா டிராவோரே சிட்டி கோல்கீப்பர் எடர்சனுக்கு எதிரே தனியாளாக வந்து நிற்கிறார், அதுவும் ஒரு முறை அல்ல. அவர் கோட்டைவிட்டதால் சிட்டி தப்பியது. ஓட்டை அன்றே விழுந்துவிட்டது, தண்ணீர் உள்ளே வர ஐந்து வாரம் பிடித்தது.

அது என்ன ஓட்டை? சிட்டி தாக்கும்போது 3-2-5 என்று நிற்கும். ஐவர் எதிரணியின் கடைசி வரிசையில். மூவர் நடுக்கோட்டை ஒட்டி. இடையில் இருவர். அந்த மூவருக்குப் பின்னால் கோல்கீப்பர் வரைக்கும் முப்பது நாற்பது மீட்டர் வெறும் புல்தான். இவ்வளவு துணிச்சலாக மேலே ஏறி நிற்க முடிந்ததற்குக் காரணம், தாக்கும்போதே போட்டுவைத்த காவல். அந்தக் காவலின் அச்சாணி ரோட்ரி.

பந்து பறிபோன கணத்திலிருந்து ஐந்து விநாடியை எண்ணிப் பாருங்கள். முதல் விநாடியில் பக்கத்திலிருக்கும் இருவர் பந்தின்மேல் பாய்வார்கள். அதிலிருந்து தப்பிய பந்து முன்னோக்கி ஓர் ஆளைத் தேடிப் போகும். சிட்டியின் ஐவருக்கும் மூவருக்கும் இடையில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் எதிரணி வீரர் அவர். கவுன்டர் அட்டாக் என்பதே அவர் காலுக்குப் பந்து போய், அவர் திரும்புவதில்தான் உயிர்பெறுகிறது. பந்து இன்னும் சிட்டியிடம் இருக்கும்போதே ரோட்ரி கழுத்தைத் திருப்பி அந்த ஆள் எங்கே என்று பார்த்து வைத்திருப்பார். அவருக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்பார். பந்து வந்தால் மூன்றில் ஒன்று. முந்திப் பறிப்பார். முந்த முடியாவிட்டால் கோலுக்கும் அவருக்கும் நடுவே நின்று, ஐவரும் திரும்பி வரும்வரை பக்கவாட்டில் ஓட வைப்பார். இரண்டும் முடியாவிட்டால் நடுவட்டத்திலேயே ஃபவுல். அதற்கு விலையும் கொடுத்தார். 2023-24இல் மஞ்சள் அட்டைகள் ஐந்து சேர்ந்ததால்தான் ஆஸ்டன் வில்லா ஆட்டத்தில் அவர் இல்லை, சிட்டி தோற்றது. அந்தப் பருவம் முழுவதும் லீகில் சிட்டி தோற்றது மூன்று ஆட்டங்கள்: வுல்வ்ஸ், ஆர்சனல், வில்லா. மூன்றிலும் அவர் ஆடவில்லை. இதைவிடத் தெளிவாக எச்சரிக்கை வேறெப்படி வரும்?

அவர் போனதும் அந்த வேலையைப் பங்கு போட்டார்கள். கோவாசிச் அருமையான வீரர், ஆனால் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓடுபவர். பந்தோடு ஓடுபவரின் இடம் காலியாகிவிடும். குண்டோகனின் கால்கள் பல வருடப் பழக்கத்தில் தாமாகவே பெனால்டி பெட்டிக்குள் போகும். 34 வயதில் அங்கிருந்து நாற்பது மீட்டர் திரும்பி ஓடி வருவது எளிதா? ரிகோ லூயிஸ் நிற்கும் இடம் சரியாக இருக்கும், உடலோடு உடல் மோதினால் தோற்பார். மூவருமே கெட்டிக்காரர்கள். ஆனால் ஒருவர் பார்த்த வேலையை மூவர் பார்த்தால், அந்த இடைவெளி யாருடையது என்று முடிவாவதற்குள் பந்து கடந்துவிடும். இத்தனை வருடம் அப்படிக் கடந்ததை ஓடிப்போய் மறித்தவர் தடுப்பாட்டக்காரர் கைல் வாக்கர். நவம்பர் 23 அன்று எதிஹாதில் டாட்டனம் 4-0 என்று வென்றது. அதன் நான்காவது கோலைப் பாருங்கள். டாட்டனத்தின் டிமோ வெர்னர் வாக்கரைத் தாண்டி ஓடுகிறார், வாக்கரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. சொந்த மைதானத்தில் 52 ஆட்டங்களாகத் தோற்காத அணி சிட்டி.

இனி உங்கள் நண்பரின் 96, 72. இதை விடப்போவதில்லை, ஏனென்றால் கணக்கு சரி, முடிவு தப்பு. வாங்கிய கோல் 34இலிருந்து 44 ஆனது, பத்துதான் கூடியது. அடித்தது 24 குறைந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் முன்வரிசைதான் குற்றவாளி. ஆனால் முந்தைய பருவத்தில் லீகில் ரோட்ரி அடித்தது 8, அடிக்கக் கொடுத்தது 9. 17 கோல் அங்கேயே போயிற்று. மீதிக்கும் வழி அதுவேதான். பின்னால் காவல் இல்லை என்று தெரிந்ததும் தடுப்பாட்டக்காரர்கள் ஏழெட்டு மீட்டர் பின்வாங்குவார்கள். அது கோழைத்தனம் இல்லை, தற்காப்பு. அவர்கள் பின்வாங்கினால் வரிசைகளுக்கு நடுவே இடைவெளி நீளும். நீண்டால் பந்தின்மேல் பாய்பவர் அரை விநாடி தாமதமாகப் போய்ச் சேர்வார். எதிரணியின் பெட்டி ஓரத்தில் பறித்த பந்தை இனி நடுக்கோட்டில்தான் பறிக்க முடியும். அங்கிருந்து கோலுக்கு ஐம்பது மீட்டர், அதற்குள் எதிரணி திரும்பி நின்றுவிடும். பக்கத்தில் ஏறும் வீரரும் தயங்குவார், முன்னால் ஐந்து நான்காகும். ஹாலண்டுக்கு வரவேண்டிய பந்து பாதி வழியிலேயே நின்றுபோனது. அவரைத் திட்டி என்ன பயன்?

மன உறுதி குலைந்ததா? குலைந்தது. ஆனால் அது கடைசியாக வந்த விருந்தாளி. வரிசையாக ஐந்து தோல்விக்குப் பிறகு, நவம்பர் 26, நெதர்லாந்தின் ஃபெயனூர்டுடன் ஆட்டம். 3-0 என்று சிட்டி முன்னிலை. 75ஆம் நிமிடம் சிட்டியின் தடுப்பாட்டக்காரர் க்வார்டியோல் பின்னுக்குத் தட்டிய பந்து கோல்கீப்பர்வரை போகவில்லை, கோல். 82இல் இன்னொன்று. 89இல் எடர்சன் பெட்டியை விட்டு வெளியே ஓடி வந்து ஏமாற, காலிக் கோலுக்குள் ஃபெயனூர்டின் ஹான்ச்கோவின் தலையடி. 3-3. ஒரு மாதமாக எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வருவான் என்று தெரியாமல் ஆடியவர்களின் கால் அப்படித்தான் நடுங்கும்.

என் கோபமெல்லாம் நிர்வாகத்தின்மேல். ரோட்ரிக்கு மாற்றாக 2022இல் கால்வின் பிலிப்ஸை வாங்கினார்கள், ஒத்துவரவில்லை. இரவல் கொடுத்து அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு வேறு ஆளே எடுக்கவில்லை. 2024 கோடையில் முன்வரிசை வீரர் அல்வாரெஸையும் விற்றார்கள். கிளப்புக்கும் நாட்டுக்குமாக அறுபதுக்கும் மேல் ஆட்டம் ஆடி, யூரோ இறுதிப் போட்டியில் பாதியிலேயே வெளியேறியவர் ரோட்ரி. இப்படி ஆட வைத்தால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை தூரத்தில் இல்லை என்று அந்தச் செப்டம்பரிலேயே அவர் சொன்னார். சில நாளில் முழங்கால் போயிற்று. அவருக்குப் பதில் என்று எடுத்த நிகோ கொன்சாலெஸ் வந்ததே 2025 பிப்ரவரியில். அந்தப் பருவம் 71 புள்ளி, மூன்றாம் இடம். அதற்கு முந்தையது 91.

கார்டியோலா விலகியிருக்கலாம், விலகாததும் சரிதான். டாட்டனம் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்புதான் 2027வரை ஒப்பந்தத்தை நீட்டித்தார். வேறு யார் வந்திருந்தாலும் அந்த இடம் காலியாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது தம்பி. அவனுடைய அணிக்கும் இதே நோய் வந்தது, மறந்துவிட்டான். 2020 அக்டோபர் 17 அன்று தடுப்பாட்டக்காரர் வான் டைக்கின் முழங்கால் போனது, பிறகு பின்வரிசையின் கோமஸ், மாட்டிப் இருவரும் காயத்தில் போனார்கள். நடுக்களத்தின் ஃபாபின்யோவையும் ஹென்டர்சனையும் அன்றைய பயிற்சியாளர் க்ளாப் பின்வரிசைக்கு இழுத்தார். பின்வரிசை ஓரளவு அடைபட்டது, நடுவில் காவல் போயிற்று. சொந்த மைதானத்தில் 68 லீக் ஆட்டங்களாகத் தோற்காத லிவர்பூல் அங்கேயே வரிசையாக ஆறில் தோற்றது. ஆறாவது 2021 மார்ச் 7, ஃபுல்ஹாமிடம் 0-1. மூன்று நாள் கழித்து புடாபெஸ்டில் ஜெர்மனியின் லைப்சிக்குடன் ஆட்டம். ஃபாபின்யோ மறுபடி நடுக்களத்தில். 2-0. லீகின் கடைசிப் பத்து ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு டிரா, மூன்றாம் இடம்.

ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சிட்டி ஆட்டம் வேண்டாம், லிவர்பூலின் அந்த ஃபுல்ஹாம், லைப்சிக் ஆட்டங்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். லிவர்பூல் பந்தை இழக்கும் ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்தி, பந்துக்குப் பின்னால் நடுவில் யார் நிற்கிறார் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.