மாடலே நின்றுபோன கார்: எதற்கு இழப்பீடு கேட்கலாம், எதற்குக் கேட்க முடியாது?

கேள்வி: சொந்த உபயோகத்துக்காகப் புது கார் வாங்கி 14 மாதம் ஆகிறது. கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி குலுங்குகிறது. மூன்று முறை சர்வீஸ் சென்டரில் விட்டும் சரியாகவில்லை. கடைசி முறை ஒரு உதிரிபாகம் வந்துசேரவே ஏழு வாரம் ஆனது. இதற்கிடையில் நிறுவனம் அந்த மாடலையே நிறுத்திவிட்டது. விற்றுவிடலாம் என்று கேட்டுப் பார்த்தால், வாங்கிய விலையில் பாதி தரக்கூட ஆளில்லை. வாங்கும்போது ஷோரூமில், "பார்ட்ஸுக்குப் பத்து வருஷம் கவலையே இல்லை, ரீசேலும் நல்லா இருக்கும்" என்றார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்க முடியுமா? விலை இறங்கியதற்கு நஷ்டஈடு கேட்கலாமா? அடுத்து பழைய கார் ஒன்று வாங்க நினைக்கிறேன், அதில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் கேள்வியில் மூன்று குறைகள் கலந்து கிடக்கின்றன. வண்டியிலேயே உள்ள கோளாறு, பாகம் கிடைக்காதது, மறுவிற்பனை விலை சரிந்தது. உங்களுக்கு மூன்றும் ஒரே வேதனைதான். ஆனால் சட்டம் முதலாவதற்கு நன்றாகவே கைகொடுக்கும், இரண்டாவதற்கு ஓரளவு உதவும், மூன்றாவதற்கு அநேகமாக ஒன்றும் செய்யாது. இப்போது போடப்போகும் வழக்குக்கும் அடுத்து வாங்கப்போகும் வண்டிக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கோளாறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 'குறைபாடு' என்பதை விரிவாகவே வரையறுக்கிறது. தரத்திலோ செயல்திறனிலோ, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய அளவுக்குப் பொருள் இல்லையென்றால் அது குறைபாடு. கியர் குலுக்கல் அதற்குள் தாராளமாக அடங்கும். குறையை நீக்கித் தருவது, வேறு வண்டி தருவது, விலையைத் திருப்பித் தருவது, இழப்பீடு என எதை வேண்டுமானாலும் நுகர்வோர் ஆணையம் (நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் மன்றம்) உத்தரவிடலாம்.

ஆனால் "புது வண்டி கொடு, இல்லையென்றால் முழுப் பணத்தையும் கொடு" என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு கார் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டியில் பழுதான பாகத்தைச் சரிசெய்வதாகவோ மாற்றித் தருவதாகவோதான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அதற்காக வண்டியையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றது. 2010-இல் வந்த இன்னொரு வழக்கு எஞ்சின் சத்தம் பற்றியது. அதில், சுயேச்சையான தொழில்நுட்ப வல்லுநர் வண்டியைப் பரிசோதிக்கட்டும், தயாரிப்பிலேயே குறை இருப்பதாக அவர் சொன்னால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்கள் வழி தெரியும். குறை தயாரிப்பிலேயே இருக்கிறது என்று நிரூபித்தால் பணம் திரும்ப வரும். நிரூபிக்க முடியவில்லையென்றால் பாகம் மாற்றித் தருவதோடும் இழப்பீட்டோடும் நின்றுவிடும். அதனால் மனுவில் இரண்டையும், ஒன்று இல்லையென்றால் மற்றொன்று என்று, கேளுங்கள். வண்டியை வல்லுநர் பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் தனி மனு கொடுங்கள். நல்ல வழக்குகள்கூட இந்த ஒரு மனு இல்லாததால் தோற்றுப்போகின்றன.

அப்புறம் ஜாப் கார்டு, அதாவது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது உங்கள் புகாரை எழுதும் தாள். வண்டி விடும்போது "ஜெனரல் செக்கப்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அப்படி எழுதியிருந்தால் குலுக்கல் பற்றி நீங்கள் புகாரே செய்யவில்லை என்று பின்னால் வாதிடுவார்கள். உங்கள் மூன்று ஜாப் கார்டுகளையும் எடுத்து இதைப் பாருங்கள். குலுக்கல் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், எந்தெந்தத் தேதியில் என்ன குறை சொன்னீர்கள் என்று இன்றைக்கே சர்வீஸ் சென்டருக்கும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

வழக்கு முடியும்வரை தயவுசெய்து வண்டியை விற்காதீர்கள். பரிசோதிக்க வண்டி இருக்காது என்பது மட்டுமல்ல, வழக்கு நடக்கும்போதே வண்டியை விற்றவர்கள் நுகர்வோர் என்ற தகுதியையே இழந்துவிட்டதாகத் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்திருக்கிறது.

பாகம் கிடைக்காத விஷயத்துக்கு வருகிறேன். மாடல் நின்ற பிறகு இத்தனை ஆண்டுக்குப் பாகம் தந்தே ஆக வேண்டும் என்று கார்களுக்கு நேரடியான சட்டவிதி இந்தியாவில் இல்லை. இது எனக்கு ஆதங்கமான விஷயம். பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. வாகனத் துறையும் அதன் வரம்புக்குள் இருக்கிறது. அது இன்னும் கட்டாயச் சட்டமாக உருவெடுக்கவில்லை. அதற்கும் முன்னால், 2014-இல், உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் கட்டுப்படுத்தியதற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது.

அதற்காக உங்களுக்கு வழியில்லை என்று எண்ண வேண்டாம். வாரண்டி காலத்தில் ஏழு வாரம் வண்டியை முடக்கிப் போட்டது 'சேவைக் குறைபாடு' என்று வாதிட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. அந்த நாட்களுக்கு வாடகை வண்டியில் போன செலவையும் சேர்த்துக் கேளுங்கள். பத்து வருடம் பாகம் கிடைக்கும் என்று ஷோரூமில் சொன்ன வாக்குறுதியும் வீண் போகாது. நியாயமற்ற வணிக முறை என்று சட்டம் சொல்வதில் வாய்மொழியாகச் சொன்ன பொய்யும் அடங்கும். நிரூபிப்பதுதான் கஷ்டம். விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அதைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுச் சாட்சியத்துக்கான ஒரு சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ரீசேல் விலை பற்றி உங்களுக்கு ஏமாற்றமான பதில்தான் தர முடியும். "ரீசேல் நல்லா இருக்கும்" என்பது சந்தை பற்றிய ஒருவரின் கருத்து, உத்தரவாதம் அல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவும் தொலைவான, மறைமுகமான இழப்புக்கு ஈடு தராது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சரிபாருங்கள்: மாடலை நிறுத்துவதாக நிறுவனம் எப்போது அறிவித்தது, உங்கள் இன்வாய்ஸில் என்ன தேதி இருக்கிறது. நிறுத்தப்போவது தெரிந்தே உங்களிடம் பத்து வருடக் கதை சொல்லியிருந்தால் நிலைமையே வேறு. வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. ஆனால் அவர்கள் மௌனமாக இருக்கவில்லையே, எதிர்காலம் பற்றி உறுதி சொன்னார்கள். இதற்கு ஆதாரம் கிடைத்தால் மனுவில் முதல் பத்தியே இதுவாக இருக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் மதிப்பு சரிவைத் தனித் தலைப்பாகக் கேட்டு மனுவைப் பலவீனமாக்க வேண்டாம். பணத்தைத் திருப்பித் தர உத்தரவு வந்துவிட்டால் அந்த இழப்பும் தன்னால் தீர்ந்துவிடும்.

நடைமுறை எளிதுதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், சில நேரம் அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லையென்றால் ஷோரூம், நிறுவனம் இரண்டுக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் கையை விரித்துவிடுவார். டீலர் செய்த தவறுக்குத் தயாரிப்பாளர் தானாகப் பொறுப்பாகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, அதற்கு மேலும் சொற்பம்தான். காலவரம்பு இரண்டு ஆண்டு. பாதுகாப்பாக, வாங்கிய தேதியிலிருந்தே கணக்கிடுங்கள். உங்களுக்கு இன்னும் பத்து மாதம்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. காப்பீட்டில் வண்டியின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு ஓர் அட்டவணைப்படி குறையும்: ஓராண்டு தாண்டினால் 20 சதவீதம், நான்கு தாண்டினால் 50 சதவீதம். நிறுத்தப்பட்ட மாடலுக்கு இந்த அட்டவணை இல்லை, நீங்களும் காப்பீட்டு நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான். புதுப்பிக்கும்போது பிரீமியம் குறைகிறதே என்று குறைந்த மதிப்புக்குத் தலையாட்டினால், வண்டி திருட்டுப்போகும் நாளில் அந்தத் தொகைதான் கைக்கு வரும்.

சரி, பழைய கார். மேலே சொன்னதை வைத்தே எடை போடுங்கள். ரீசேல் இழப்பைச் சட்டம் மீட்டுத் தராது, அது முழுக்க உங்கள் கணக்கு. மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிடுவீர்கள் என்றால் அதிகம் விற்கும் மாடலையே வாங்குங்கள். பத்து வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ரீசேலை மறந்துவிடலாம். அப்போது பாகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன், எஞ்சின் கட்டுப்பாட்டு யூனிட், கிளட்ச் செட், ஹெட்லைட், முன் கண்ணாடி ஆகிய நான்குக்கும் விலையும் வர எத்தனை நாள் ஆகும் என்பதையும் சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். தனிநபர் தன் காரை விற்றால் அவர் வியாபாரி அல்ல, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, சிவில் நீதிமன்றம்தான். பழைய கார் டீலர் என்றால் ஆணையத்துக்குப் போகலாம். அப்படிப்பட்ட டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது, அதைக் காட்டச் சொல்லுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, குறைபாட்டைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு (ரீகால்) எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். நீங்களே பார்த்து வாங்கிய பொருளில், பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறைக்குப் பொருள் விற்பனைச் சட்டம், 1930 உதவாது. எனவே நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு பார்த்து, அவர் சொன்னதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடன் பாக்கி இருந்த வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும், பதிவிலிருந்து கடன் அடமானத்தை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டையும் அன்றைக்கே கையெழுத்திட வைத்து, 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.