இணையப் பாடங்களைப் பட்டப்படிப்பில் கணக்குச் சேர்ப்பது: கேள்வி பதில்

கோர்செரா, எட்எக்ஸ் போன்ற தளங்களில் முடித்த பாடங்களைப் பட்டத்துக்கான கிரெடிட்டாக, அதாவது பட்டத்தின் கணக்கில் சேரும் படிப்பு அலகாக, மாற்றுவது பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் கேட்டவை, அவற்றுக்கான பதில்கள்.

கோர்செராவில் ஆறு சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தால் ஆறு பாடம் குறையுமா? – தெம்பனிஸ் வாசகர்

அந்த நம்பிக்கையில் சேர்ந்துவிடாதீர்கள். நீங்கள் பாடத்தை முடித்தீர்கள் என்பதற்குத்தான் சான்றிதழ் அத்தாட்சி. அதைத் தன் பட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்பதா இல்லையா என்பதைச் சேரப்போகும் பல்கலைக்கழகம் மட்டுமே முடிவு செய்யும். பாடத்தை விற்ற தளத்துக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை.

பல்கலைக்கழகம் பார்ப்பது நான்கு விஷயங்கள்: பாடத்தை வழங்கியது யார், எந்த ஆண்டு மாணவருக்கான தரம், எத்தனை மணி நேரப் படிப்பு, தேர்வு எப்படி நடந்தது. பெரும்பாலானவை கடைசி இரண்டில் அடிபடும். வீட்டிலிருந்தபடி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதித் தேறக்கூடிய வினாடி வினாவைத் தேர்வாக ஏற்பவர்கள் குறைவு. படிப்பு நேரமும் அப்படித்தான். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் 4 யூனிட் பாடம் என்றால் வாரம் 10 மணி நேரம் என 13 வாரம், மொத்தம் 130 மணி நேர உழைப்பு. 20 மணி நேரத்தில் முடியும் கோர்செரா பாடம் தனியாக அதற்கு ஈடாகாது.

முன்கூட்டியே உடன்பாடு உள்ள இடங்களும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகம் கோர்செரா வழியாக நடத்தும் கணினி அறிவியல் பட்டம் 360 கிரெடிட். கூகுளின் ஐடி சப்போர்ட் சான்றிதழ் இருந்தால் அதில் 'ஹவ் கம்ப்யூட்டர்ஸ் வொர்க்' என்ற 15 கிரெடிட் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். பல பாடங்கள் சேர்ந்த ஒரு முழுத் தொடருக்கு ஈடாகக் கிடைப்பது ஒரே ஒரு பாடம் என்பதைக் கவனியுங்கள். அதனால் முதலில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள், அது எதை ஏற்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு இணையப் பாடத்துக்குப் பணம் கட்டுங்கள்.

ஓர் இடத்தில் 120 கிரெடிட், இன்னோர் இடத்தில் 360 என்கிறார்கள். எப்படி ஒப்பிடுவது? – செங்காங்

அமெரிக்க இளநிலைப் பட்டம் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட். பிரிட்டனில் மூன்றாண்டு ஹானர்ஸ் பட்டம் 360, ஐரோப்பிய முறையில் மூன்றாண்டுக்கு 180. இரண்டு பிரிட்டிஷ் கிரெடிட் ஓர் ஐரோப்பிய கிரெடிட்டுக்குச் சமம். ஒரு பிரிட்டிஷ் கிரெடிட் என்பது 10 மணி நேரப் படிப்பு. எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும், எல்லாவற்றையும் மணி நேரமாக்கிப் பாருங்கள்.

விண்ணப்பத்தோடு எதையெல்லாம் இணைக்க வேண்டும் அண்ணா? – ஜூரோங் வெஸ்ட்

சான்றிதழை மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் நிராகரிப்பு வரும். நீங்கள் படித்த அதே ஆண்டின் பாடத்திட்டம் வேண்டும். தளத்தில் பாடம் புதுப்பிக்கப்பட்டால் பழைய பக்கம் மறைந்துவிடும், ஆகவே படிக்கும்போதே அதைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். வாராவாரத் தலைப்புகள், மொத்த மணி நேரம், பாடநூல், தேர்வு முறை, மதிப்பெண் பங்கீடு எல்லாம் அதில் தெரிய வேண்டும். கிரெடிட் தரும் பாடமாக இருந்தால் டிரான்ஸ்கிரிப்டை (அதிகாரபூர்வ மதிப்பெண் பதிவேட்டை) அந்தக் கல்வி நிலையமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று கேட்பார்கள். நீங்கள் பதிவிறக்கிய பிரதி செல்லாது.

இவற்றோடு ஒரு பக்க ஒப்பீட்டு அட்டவணையைச் சேர்த்துவிடுங்கள். இடப்பக்கம் விலக்குக் கேட்கும் பாடத்தின் கற்றல் விளைவுகள், வலப்பக்கம் அவற்றை நீங்கள் எந்த வாரத்தில் படித்தீர்கள் என்ற விவரம். பரிசீலிக்கும் பேராசிரியர் வேறெதையும் விட இதைத்தான் முதலில் பார்ப்பார். பல இடங்களில் சேர்க்கையின்போதோ முதல் பருவத்திலோ மட்டுமே விலக்கு கேட்க முடியும். ஏற்கெனவே டிப்ளோமாவுக்குக் கணக்குக் காட்டிய பாடத்தை மறுபடியும் காட்டலாமா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

மதிப்பெண்ணும் சேர்ந்து வருமா? – பொங்கோல்

பொதுவாக வராது. கிரெடிட் மட்டுமே ஏறும், சராசரி மதிப்பெண் புதிய பல்கலைக்கழகத்தில் எழுதும் பாடங்களிலிருந்துதான் கணக்காகும். விலக்கு அதிகமானால் சராசரியைத் தீர்மானிக்கும் பாடங்கள் குறைந்துபோகும், ஒரு பாடத்தில் சறுக்கினாலும் அடி பலமாக விழும். உங்களுக்கு எளிதாக வரக்கூடிய பாடத்துக்கு விலக்கு வாங்காமல் எழுதிவிடுவது சில சமயம் நல்லது.

மகன் என்எஸ்ஸில் (கட்டாயத் தேசிய சேவையில்) இருக்கிறான். அந்த நேரத்தில் அமெரிக்க கிரெடிட் சேர்த்துவைக்கச் சொல்லலாமா? – உட்லண்ட்ஸ் தாயார்

அம்மா, அவன் அமெரிக்கப் பட்டம்தான் படிக்கப்போகிறான் என்றால் பயன் உண்டு. சோஃபியா, ஸ்டடி டாட் காம் போன்ற இணையப் பாடத் தளங்களின் பாடங்களை அமெரிக்கக் கல்வி மன்றம் மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும், ஏற்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விருப்பம். சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் இளநிலைப் பட்டத்தின் 120-இல் 90 வரை வெளியிலிருந்து ஏற்கிறது. ஆனால் இந்தப் பாடங்களில் பெரும்பாலானவை முதல் இரண்டாண்டுத் தரம். மேல்நிலைப் பாடங்களுக்கு அவை உதவாததால், 90 சேர்த்த பிறகும் பல கிரெடிட் 'விருப்பப் பாடம்' என்ற பெட்டியில் வீணாகிப்போவதுண்டு.

அவனுக்கு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாகியிருந்தால் இந்த வழி வேண்டாம். என்எஸ் காலத்திலேயே அங்குள்ள பாடம் எதையாவது முன்கூட்டி முடிக்க வழி இருக்கிறதா என்று அதன் சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே ஒரே ஒரு பாடம் ஏற்கப்பட்டாலும் அதுவே பெரிய லாபம்.

தனியார் பள்ளி ஒன்று 'முதலாண்டு முழுக்க விலக்கு' என்று வாய்மொழியாகச் சொல்கிறது. நம்பலாமா? – ஈசூன்

வாய்மொழி போதாது. இத்தகைய பள்ளிகள் வெளிநாட்டுப் பட்டப்படிப்பை நடத்தும்போது பட்டம் தருவது அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், விலக்குக் கடிதமும் பாடப் பெயர்களோடு அங்கிருந்துதான் வர வேண்டும். கடிதம் கைக்கு வருமுன் மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் பின்வாங்க 7 வேலை நாள் அவகாசம் உண்டு, அதற்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துவிடுங்கள். விலக்குக் கிடைத்த பாடங்களுக்குக் கட்டணம் குறையுமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பாடம் குறைந்தும் கட்டணம் குறையாத ஒப்பந்தங்களும் உண்டு.

எனக்கு 43 வயது. திறன் பயிற்சிக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையின் 4,000 வெள்ளியை இதற்குப் பயன்படுத்தலாமா? – பிடோக்

2024 மே முதல் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு வழங்கப்பட்ட அந்தத் தொகை, குறிப்பிட்ட பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே. மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் உங்கள் படிப்பின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

தம்பி திருச்சியில் பி.இ. படிக்கிறான். என்பிடெல் (இந்தியாவின் ஐஐடிகள் முதலானவை நடத்தும் இணையப் பாடத் திட்டம்) பாடம் அவனுக்குக் கிரெடிட் ஆகுமா? – கிளமெண்டி

ஆகும், அவன் கல்லூரி ஏற்றால். 12 வாரப் பாடம் 3 கிரெடிட், 8 வாரம் 2, 4 வாரம் 1. வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. ஒப்படைப்பில் 10-உம் தேர்வில் 30-உம் எடுத்தால்தான் சான்றிதழ். விடுமுறைக்கு உங்களிடம் வரும் தேதி தேர்வு நாளோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அடையாள அட்டையில் 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்) சேர்த்து முழுப் பெயர், சான்றிதழில் வெறும் முதல் பெயர். சிக்கல் வருமா? – சிராங்கூன்

வரலாம். நம் பெயர்களில் தலைப்பெழுத்து, தந்தை பெயர், எஸ்/ஓ, டி/ஓ (இன்னாரின் மகள்) எல்லாம் இடத்துக்கு இடம் மாறுவதால் பரிசீலனை நின்றுபோகும். தளத்தில் கணக்குத் திறக்கும்போதே அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்து மாறாமல் பதியுங்கள். ஏற்கெனவே வாங்கியதற்குப் பெயர் திருத்தம் கேட்டுத் தளத்துக்கு எழுதுங்கள், விண்ணப்பத்தை அதற்குப் பிறகு அனுப்பலாம்.