கேளுங்கள், சொல்கிறோம்: போராட்டப் பந்தலுக்குப் போகும் மாணவர்களுக்கு

கேள்வி: எங்கள் கல்லூரிக்குப் பக்கத்து சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைநிறுத்தம் தொடங்கப் போகிறது. மாணவர்கள் நிதி திரட்டிக் கொடுக்கலாமா? சட்டச் சிக்கல் வருமா?
– கல்லூரி மாணவர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: கொடுக்கலாம். உண்டியலைத் தூக்குவதற்கு முன் சங்க நிர்வாகிகளிடம், ‘நோட்டீஸ் என்றைக்குக் கொடுத்தீர்கள்?’ என்று கேட்டுவிடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. முன்பு ரயில், மின்சாரம், குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த முன்னறிவிப்பு, இப்போது எல்லா ஆலைகளுக்கும் வந்துவிட்டது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழிந்திருக்க வேண்டும், 60 நாளுக்குள் தொடங்கியும் ஆக வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்த 7 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்கில் வரும்.

இதில் தவறினால் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் ஆகிவிடும். கலந்துகொண்ட தொழிலாளிக்கு அபராதம் 1,000 முதல் 10,000 ரூபாய். தெரிந்தே பண உதவி செய்தவருக்கும் தூண்டிவிட்டவருக்கும் 10,000 முதல் 50,000 ரூபாய். இரு தரப்புக்கும் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. வெளியிலிருந்து கைகொடுப்பவருக்கு ஏன் கூடுதல் தண்டனை என்பது உங்களுக்கே புரியும்.

பணம் பதிவுபெற்ற சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். யாரோ ஒரு மாணவரின் ஜிபே எண்ணுக்குப் போனால் நாளைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் இருக்கட்டும். அன்றன்றைய வரவு செலவைப் பந்தலிலேயே பலகையில் எழுதிவிடுங்கள். சிங்கப்பூர் மாமா அனுப்புகிறார் என்றால் அவருடைய பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியக் குடிமகன் என்றால் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்கான பதிவு இல்லாத சங்கம் வாங்கக் கூடாது.

கேள்வி: பந்தலில் நூறு பேருக்குச் சாப்பாடு போட ஆசைப்படுகிறோம். எவ்வளவு வேண்டும்?
– மாணவியர் குழு, காஞ்சிபுரம்

பதில்: ஒரு வேளை சாம்பார் சாதத்துக்கு 8 கிலோ அரிசி, இரண்டரைக் கிலோ துவரம்பருப்பு. ஆளுக்கு மூன்று லிட்டர் வீதம் நாளைக்கு 15 கேன் தண்ணீர் (20 லிட்டர் கேன்). சமைப்பதை விடப் பொட்டலம் கட்டுவதில்தான் தவறு நடக்கிறது. ஆவி அடங்காமல் கவரில் கட்டினால் வியர்த்துப்போய் மத்தியானத்துக்குள் ஊசிவிடும். நேரம் ஆகும் என்று தெரிந்தால் புளிசாதமோ எலுமிச்சை சாதமோ செய்யுங்கள். 2021 டிசம்பரில் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததே விடுதிச் சாப்பாடு நஞ்சான பிறகுதான். ஆதரவுச் சாப்பாட்டால் அப்படி ஒன்று நடந்துவிடக் கூடாது.

முதல் நாள் பிரியாணி போட யாரும் வருவார்கள். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. மூன்றாவது வாரத்துக்குக் கஞ்சித்தொட்டி யார் பொறுப்பு என்று இன்றைக்கே எழுதிவையுங்கள். பெண்கள் உட்காரும் பந்தல் என்றால் கழிப்பறையும் நாப்கினும் சாப்பாட்டுக்கு முந்திய வேலை.

கேள்வி: ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி வாங்குவது எப்படி? கைது செய்தால் என்ன செய்வது?
– சட்டக் கல்லூரி மாணவர், சென்னை

பதில்: சென்னையில் 5 நாள் முன்னதாக எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் காவல் நிலையத்தை விட்டு வராதீர்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், உயர் நீதிமன்றத்துக்கு அந்தத் தாள்தான் வேண்டும். கைது செய்தால், பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். விதிவிலக்கான சூழலில் நடுவரின் முன் அனுமதி பெற்றால் ஒழிய, சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக் கூடாது. எதுவும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

கேள்வி: திருமணமாகாத மாணவி கருக்கலைப்புக்கு அரசு மருத்துவமனைக்குப் போனால் கணவர் அல்லது பெற்றோர் கையெழுத்து கேட்கிறார்கள். எங்கள் அமைப்பு எப்படி உதவலாம்?
– முதுகலை மாணவி, மதுரை

பதில்: 18 வயது நிறைந்தவருக்கு அவருடைய கையெழுத்து ஒன்றே போதும். 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை, குடும்பத்தார் சம்மதம் உட்பட, மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ‘காப்பர் டி (கருத்தடைச் சாதனம்) போட்டுக்கொண்டால்தான் செய்வோம்’ என்பதும் சட்டத்தில் இல்லாத நிபந்தனைதான். அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றைத் துணைக்குப் போகிறவர் கையில் வைத்திருங்கள்.

கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். வாரத்தை எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து, உறவுகொண்ட நாளிலிருந்து அல்ல. ஜனவரி 1 அன்று மாதவிலக்கு வந்தவருக்கு மார்ச் 1 அன்று 8 வாரம் 3 நாள் (லீப் ஆண்டு இல்லையென்றால்). மாத்திரை முறைக்கு விதிப்படி 9 வாரம் வரைதான் இடம், அதாவது அவருக்கு இன்னும் நான்கே நாள். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதியில் சொன்ன பிரிவினருக்கு இரண்டு மருத்துவர் கருத்து வேண்டும். அந்தப் பிரிவுகளில் திருமணமாகாதவர்களும் அடங்குவர் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் மையம்.

18 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவலும் தர வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரைச் சொல்லாமலே தகவல் தரலாம் என்று அதே தீர்ப்பு வழிவிட்டிருக்கிறது.

அமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயர் வரக் கூடாது. ரகசியத்தை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு, மாணவர் அமைப்பு அதைவிடத் தளர்வாக இருக்க முடியாது. மாத்திரையை வாங்கி நீங்களே கொடுக்கும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தகுதியுள்ள மருத்துவர் அல்லாதவர் கருவைக் கலைத்தால் 2 முதல் 7 ஆண்டு கடுங்காவல்.

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்களிடம் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறோம். எதைப் போடலாம்?
– மாணவர் அமைப்பு, கோவை

பதில்: பெரிய முழக்கங்களுக்கு நடுவே யாரும் போடாத ஒன்றைப் போடுங்கள்: கரு கலைந்தாலோ சட்டப்படி கலைத்தாலோ 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. குழந்தை பிறந்தால் 26 வாரம் என்பது, ஏற்கெனவே உயிரோடு இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக உள்ளவருக்கு. இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர் (மாதச் சம்பளம் 21,000 வரை) மருத்துவச் சான்றிதழை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்துப் பணம் பெறலாம். அதற்கு முந்திய இரண்டு சந்தா காலங்களில் (ஒன்று ஆறு மாதம்) 70 நாளுக்குச் சந்தா போயிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு முதலாளி தர வேண்டும், அதற்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் இது உண்டு. பிரசுரத்தைக் கம்பெனி வாசலில் கொடுக்காதீர்கள், சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருப்பார். ஷிப்ட் விடும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் கொடுங்கள்.