மெத்தை இல்லாத மர நாற்காலியில் இருக்கையை எவ்வளவு ஆழம் குடைந்தால் உட்கார இதமாக இருக்கும்?

நீங்கள் செய்த நாற்காலியின் இருக்கையை நன்றாகக் குடைந்தும் அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை என்றும், இன்னும் ஆழமாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆழமாக்க வேண்டாம். இருக்கையின் இதத்தைத் தீர்மானிப்பவை குழிவின் மிக ஆழமான இடம் எங்கே விழுகிறது என்பதும், முன்விளிம்பு எப்படிச் சரிந்து இறங்குகிறது என்பதும்தான். ஆழம் அவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. இதை நான் என் முதல் நாற்காலியில் கற்றுக்கொண்டேன். 50 மி.மீ. பலகையில் 30 மி.மீ. வரை கிண்ணம் போலக் குடைந்திருந்தேன். உட்கார்ந்தவரின் தொடைகள் இரண்டும் உள்பக்கமாக நெருக்கப்பட்டன, சற்றே புரண்டு உட்காரக்கூட இடமில்லை, போதாக்குறைக்குக் கால்களைப் பொருத்தும் துளைகளுக்கு வேண்டிய கனமும் பலகையில் மிஞ்சவில்லை.

நாம் நிமிர்ந்து உட்காரும்போது மேலுடலின் பாரத்தில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளின் மேல் இறங்குகிறது. தட்டையான பலகையில் அந்த இரண்டு சிறு இடங்களே முழுப் பாரத்தையும் ஏற்பதால்தான் வலி வருகிறது. குழிவு செய்வதெல்லாம் அந்தப் பாரத்தைச் சுற்றியுள்ள சதைக்கும் தொடைக்கும் பகிர்ந்து கொடுப்பதே. ஆகவே அந்த முனைகள் எங்கே இருக்கின்றன என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள். கெட்டியான மேசை அல்லது பெஞ்சின் மேல் நெளி அட்டை ஒன்றை விரித்து, அதில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையிலிருந்து தூக்கி அரை நிமிடம் இருந்துவிட்டு எழுந்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 14 செ.மீ. இருக்கும், பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அதிகம். குழிவின் ஆழமான பகுதி இந்த அகலத்தைத் தாராளமாக உள்ளடக்கி, முதுகுச் சாய்விலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. முன்னால் அமைய வேண்டும். ஆழம் 15 முதல் 20 மி.மீ. போதும். அதற்குப் பின்னால் இருக்கை சட்டென்று எழும்பிவிடக் கூடாது. எழும்பினால் வாலெலும்பு போய் இடிக்கும்.

முன்விளிம்புக்கு வருவோம். அரைமணி நேரத்தில் கால் மரத்துப்போகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். தொடையின் அடிப்பகுதி முன்விளிம்பில் அழுந்தும்போது இரத்த ஓட்டமும் நரம்பும் நெருக்கப்படுகின்றன. இருக்கையின் உயரம் உட்காருபவரின் முழங்கால் மடிப்பைவிடச் சற்றுத் தாழ்வாக, பொதுவாக 42 முதல் 45 செ.மீ. இருக்கட்டும், முன்பின் அளவு 40 செ.மீ. அளவில் நிற்கட்டும். தொடைகள் படியும் இரு பக்கங்களிலும் விளிம்பை நன்றாக உருட்டி இறக்கிவிட்டு, நடுவில் மட்டும் குதிரைச் சேணத்தில் இருப்பதுபோன்ற ஒரு மென்மையான மேட்டை விட்டுவைக்கலாம். பின்பக்கம் முன்பக்கத்தைவிட 2 செ.மீ. தாழ்ந்திருந்தால், அதாவது ஏறத்தாழ 3 பாகைச் சரிவு இருந்தால், உடல் முன்னோக்கி வழுக்காமல் முதுகுச் சாய்வில் தானாகப் பதியும்.

செதுக்கும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மர இழையோடு பழகுவதுதான். கால்களுக்கான துளைகளைப் பலகை தட்டையாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள்; பிறகு கோணம் பிடிக்கச் சமதளம் கிடைக்காது. ஆழமான இடங்களில் வேண்டிய ஆழத்துக்கு 2 மி.மீ. குறைவாகச் சில துளைகள் போட்டால், எங்கே நிறுத்துவது என்பதை அவை காட்டிக்கொண்டே இருக்கும். முதல் கட்டத்தில் வாச்சியோ (மண்வெட்டி போல அலகு குறுக்காக அமைந்த செதுக்குக் கருவி) பெரிய குழி உளியோ கொண்டு இழைக்குக் குறுக்காக வெட்டுங்கள். சில்லுகள் குட்டையாகப் பெயரும், நீளமாகப் பிளந்து உள்ளே ஓடாது. அதன் பிறகு இரு முனையிலும் பிடி உள்ள வளைந்த இருகைக் கத்தியாலும், அடி வளைந்த சிறு இழைப்புளியாலும் எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே இழைக்க வேண்டும். பள்ளத்தின் அடியைத் தாண்டி எதிர்மேட்டில் ஏறினால் அந்த நொடியே ஓசை மாறும். சீராகச் சுருண்டு வந்த சீவல் நின்று, மரம் பிய்ந்து வரும். அடியில் இரண்டு திசைகளும் சந்திக்கும் அந்த விரற்கடை அகலத்தில் மட்டும் கருவியைச் சாய்த்துப் பிடித்துக் குறுக்காக மெல்ல எடுங்கள்.

மேடுபள்ளங்களைக் கண்ணைவிடக் கை சீக்கிரம் கண்டுபிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை மெல்ல ஓட்டிப் பாருங்கள். கடைசியில் சுரண்டித் தகடும் (மரத்தை மெல்லச் சுரண்டி வழவழப்பாக்கும் எஃகுத் தகடு) உப்புத்தாளும் போதும். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணிகளைக் கசக்கிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். குவியலாகக் கிடந்தால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடியவை.

உங்கள் இப்போதைய இருக்கையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. குழிவின் அடியைத் தொடாமல், முதலில் முன்விளிம்பின் இரு பக்கங்களை மட்டும் 10 மி.மீ. இறக்கி உருட்டி, ஓரிரு நாள் உட்கார்ந்து பாருங்கள். அப்போதும் தொடை நெருக்கப்பட்டால் குழிவின் பக்கச் சுவர்களை வெளிப்புறமாக அகலப்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக எடுத்து, வழக்கமாக அணியும் மெல்லிய உடையோடு குறைந்தது அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகே அடுத்த சீவலை எடுங்கள்.