கூட்டம் கூட முடியாத காலத்தில் ஓர் இயக்கம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஒரு சிறிய மக்கள் இயக்கம். தொற்று மறுபடியும் கூடிக்கொண்டே போகிறது. எங்களில் பாதிப்பேர், எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டுத் தணிந்தபின் பார்க்கலாம் என்கிறார்கள். மீதிப்பேர், நிறுத்தினால் இயக்கமே கரைந்துவிடும், ஊர்வலம் நடந்தே தீரவேண்டும் என்கிறார்கள். நிலைமை இன்னும் மோசமானால் எங்களைப் போன்றவர்கள் எப்படித் தயாராவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் இரு தரப்பும் ஊர்வலத்தைத்தான் இயக்கம் என்று நினைக்கின்றன. ஊர்வலம் பலத்தைக் காட்டும் இடம். பலம் சேர்வது வேறு இடத்தில்.

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் பராய்சோபோலிஸ் என்றொரு பெரிய குடிசைப்பகுதி. 2020-இல் கொரோனா பரவியபோது அங்கிருந்த குடியிருப்போர் சங்கம் ஏறக்குறைய 50 வீடுகளுக்கு ஒரு ‘தெருத் தலைவர்’ என்று நியமித்தது. யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் சாப்பாடில்லை என்று பார்ப்பது அவர் வேலை. அரசு ஆம்புலன்ஸை நம்பியிராமல் சங்கமே வாடகைக்கு அமர்த்தியது. தொற்று வருவதற்கு முன்பே சங்கம் இருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது.

ஆகவே இப்போதே தெருவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவர் யார், தினமும் மருந்து வேண்டியவர் யார் என்று தெரிந்திருக்கட்டும். அந்தப் பட்டியல் எல்லோர் கைபேசியிலும் சுற்றக்கூடாது. தப்பான கைக்குப் போனால் அதுவே கைதுப் பட்டியலாகிவிடும். அந்தந்தத் தெருக்காரர் கையில் அந்தத் தெருவின் பெயர்கள் மட்டும் போதும். அப்புறம், ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டாவது, மூன்றாவது ஆள் வேண்டும். பொருளாளர் படுத்துவிட்டால் வங்கியில் கையெழுத்துப் போட ஆளில்லை என்று நிற்கக்கூடாது. முன்னணியில் ஓடுபவர்களைத்தான் நோய் முதலில் பிடிக்கும்.

‘அரசு செய்யவேண்டியதை நாம் செய்தால் அது தப்பித்துக்கொள்ளாதா?’ என்று உங்களில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. உதவி செய்யும்போதே குறித்துவையுங்கள்: எந்த மருத்துவமனை யாரைத் திருப்பி அனுப்பியது, என்றைக்கு. அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் உங்கள் அடுத்த கோரிக்கை வரும். தென்னாப்பிரிக்காவில் 1998-இல் தொடங்கிய ‘சிகிச்சைச் செயல் இயக்கம்’ எய்ட்ஸ் மருத்துவத்தை உறுப்பினர்களுக்கே கற்றுக்கொடுத்தது. எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே சந்தேகம் கிளப்பிய ஓர் அதிபரை எதிர்கொண்டு, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுக்கும் மருந்தை அரசு தரவேண்டும் என்ற தீர்ப்பை 2002-இல் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் பெற்றது. அரசை எதிர்ப்பதற்காக நோயே பொய் என்று பேசுகிறவர்களை நான் இயக்கத்தவராகக் கணக்கில் எடுப்பதில்லை.

வழக்கறிஞர்களையும் இப்போதே பேசிவையுங்கள். அல்ஜீரியாவில் ஆட்சி மாற்றம் கேட்டு ஓராண்டுக்கு மேலாக நடந்துவந்த ‘ஹிராக்’ என்ற மக்கள் இயக்கத்தின் ஊர்வலங்களை 2020 மார்ச்சில் தொற்றுக்காக நிறுத்தினார்கள். சரியான முடிவுதான். ஆனால் கைதுகள் நிற்கவில்லை. அதே மாதக் கடைசியில் ஹங்கேரி நாடாளுமன்றம் கால வரம்பில்லாமல் அவசர ஆணைகளால் ஆள அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஜூனில்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. கட்டுப்பாடு எதுவானாலும், அது முடியும் தேதி எது என்று முதல் நாளே கேளுங்கள்.

தெருவில் இறங்கியே ஆகவேண்டிய நாளும் வரலாம். 2020 ஏப்ரலில் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் தரையில் இட்ட குறிகளில் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு நின்று பிரதமரை எதிர்த்தார்கள். திறந்தவெளி, முகக்கவசம், குறைந்த நேரம் என்றால் முடியும். மூடிய அறையில் செயற்குழு கூடுவதைவிட அது ஆபத்துக் குறைவு.

ஊர்வலம் வேண்டுமா வேண்டாமா என்ற வாக்கெடுப்பை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். அதற்குள் இரு தரப்பிலிருந்தும் ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொள்ளட்டும்.